நிறுவல் என்பது யாது?

மக்கள் ஒன்றை உண்மையென்று ஏற்றுக்கொள்ளும் வழிகள் பலவாம். கண்ணாற் கண்டதை உண்மை என்கிறோம். பெரியோர் உரைத்ததை உண்மை என்கிறோம். பலமுறை செய்து பார்த்தும் பொய்யாகாத ஒன்றையும் உண்மை என்கிறோம். அன்றாட வாழ்க்கைக்கு இம்மூன்றும் போதும். நாளைக் காலையில் கதிரவன் எழுவான் என்பதற்கு எவரும் சான்று கேட்பதில்லை. ஆயினும் கணிதம் என்னும் கலை இம்மூன்றினால் மட்டும் நிறைவு பெறுவதன்று. அது நான்காவதாக ஒன்றை வேண்டி நிற்கின்றது. அதனையே நிறுவல் என்றும், நிரூபணம் என்றும் வழங்குகிறோம். உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் பலர் வடிவியல் தேற்றங்களைப் பிழையின்றி எழுதுகின்றனர். எனினும், நிறுவல் எதன்பொருட்டு வேண்டப்படுகின்றது என்பதை உணராமலே அவர்களிற் பலர் பள்ளியை விட்டு நீங்குகின்றனர். அவ்வுணர்வைப் பெறுதலே இப்பாடத்தின் நோக்கமாகும்.

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை அடுத்து அமைந்துள்ளது கும்மிடிப்பூண்டி. ஆங்கே சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. சுற்றுப்புறச் சிற்றூர்களினின்று காலையில் ஆலைக்குச் செல்லும் பெற்றோரும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் ஒரே சாலையில் செல்லும் காட்சியை அப்பகுதியிற் காணலாம். அவ்வட்டத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பில் வடிவியற் பாடம் நடைபெறுவதாக நாம் எண்ணிக்கொள்வோம்.

ஆசிரியர், "ஒவ்வொருவரும் தத்தமக்கு விருப்பமான முக்கோணம் ஒன்றை வரைந்து, கோணமானியால் மூன்று கோணங்களையும் அளந்து கூட்டுங்கள்" என்கிறார். நாற்பது மாணவர் நாற்பது முக்கோணங்களை வரைகின்றனர். சிலருக்குக் கூட்டுத்தொகை 179 பாகை, சிலருக்கு 181, பெரும்பாலோர்க்கு 180. உடனே ஒரு மாணவன் எழுந்து, "ஐயா! முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை என்பதை நாங்கள் நிறுவிவிட்டோம்" என்கிறான்.

"நாற்பது முக்கோணங்களை அளந்தீர்கள். நாற்பத்தோராவது முக்கோணம் எவ்வாறு இருக்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஆசிரியர் வினவுகிறார்.

மாணவி ஒருத்தி எழுந்து விடை கூறுகிறாள்: "ஐயா! என் தந்தையார் வேலை செய்யும் ஆலையில் ஆயிரம் திருகாணிகள் செய்தால், ஆயிரத்தையும் அளப்பதில்லையாம். அவற்றுள் சிலவற்றை மாதிரியாக எடுத்து அளந்து பார்த்து, அவை சரியாக இருந்தால் எல்லாவற்றையும் அனுப்பிவிடுகிறார்களாம். அதுபோல நாற்பது முக்கோணங்கள் சரியாக இருந்தால் எல்லா முக்கோணங்களும் சரியாகத்தாமே இருக்கும்?"

அம்மாணவியின் வினா அறிவுடைய வினா. அதனை எளிதில் தள்ளிவிடுதல் ஆகாது. ஆலையில் மாதிரி எடுத்துச் சோதிக்கும் முறை பிழையான முறையன்று. ஆனால், அதன் தன்மையை நாம் உற்று நோக்குதல் வேண்டும். மாதிரி பார்த்து அனுப்பிய திருகாணிகளுள் இரண்டொன்று பழுதாக இருத்தல் கூடும். அவ்வாறு நேருமென்பதை விற்பவரும் அறிவார், வாங்குபவரும் அறிவார். அச்சிறு குறையைப் பொறுத்துக்கொள்வதாக இருவரும் முன்னரே உடன்பட்டுள்ளனர். அன்றியும் திருகாணிகள் ஆயிரமே. வேண்டுமாயின் ஆயிரத்தையும் ஒவ்வொன்றாக அளந்துவிடலாம். முக்கோணங்களோ எண்ணில் அடங்காதன. "எல்லா முக்கோணங்களும்" என்று தேற்றம் கூறும்போது, இதுவரை வரையப்பட்டவை, இனி வரையப்படுபவை, எவராலும் வரையப்படாதவை ஆகிய அனைத்தையும் குறித்தே கூறுகின்றது. அவற்றுள் ஒன்றே ஒன்று மாறுபடினும் தேற்றம் வீழ்ந்துபடும். ஆகவே, எத்துணை முக்கோணங்களை அளந்தாலும் அளத்தல் நிறுவல் ஆகாது.

அளத்தலில் மற்றொரு குறையும் உண்டு. எழுதுகோலின் முனைக்குத் தடிப்பு உண்டு. கோணமானியின் கோடுகளுக்கும் தடிப்பு உண்டு. கூட்டுத்தொகை சரியாக 180 பாகையா, அன்றி அதனினும் நூற்றில் ஒரு பங்கு மிகுதியா என்பதை எந்தக் கோணமானியும் நமக்குச் சொல்லாது. ஆனால் நிறுவல் அதனைச் சொல்லும்.

அந்நிறுவலை இங்கே காண்போம். அ, ஆ, இ என்னும் மூன்று முனைகளையுடைய முக்கோணம் ஒன்றைக் கொள்க. ஆ, இ என்பவற்றை இணைக்கும் பக்கத்தை அடிப்பக்கம் என்க. மேல்முனையாகிய அ வழியாக அடிப்பக்கத்திற்கு இணையாக ஒரு நேர்கோடு வரைக. இணைகோடுகளை ஒரு கோடு வெட்டும்போது ஒன்றுவிட்ட கோணங்கள் சமமாகும் என்பதை முன்னரே கற்றுள்ளோம். ஆகலின், ஆ என்னும் முனையிலுள்ள கோணம் மேல்முனையின் ஒரு புறத்திலும், இ என்னும் முனையிலுள்ள கோணம் அதன் மறு புறத்திலும் வந்து அமைகின்றன. நடுவில் முக்கோணத்தின் மேற்கோணம் ஏற்கெனவே இருக்கின்றது. இம்மூன்றும் ஒரு நேர்கோட்டின்மேல் இடைவெளியின்றி அமைதலின் அவற்றின் கூட்டுத்தொகை 180 பாகையாகும்.

இங்கே நாம் செய்தது யாது? ஒரு முக்கோணத்தையே எடுத்துக்கொண்டோம். ஆனால், அதன் பக்கங்களின் நீளம் யாது, கோணங்களின் அளவு யாது என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. அது முக்கோணம் என்பதைத் தவிர வேறெதனையும் நாம் பயன்படுத்தவில்லை. ஆதலின் நாம் கூறியவை எல்லா முக்கோணங்களுக்கும் பொருந்தும். ஒன்றைப் பற்றிப் பேசி அனைத்தையும் முடிவு செய்தல் நிறுவலுக்கே உரிய ஆற்றலாகும். கரும்பலகையில் வரையும் படம் சிந்தனைக்குத் துணை செய்வது. அதுவே ஏது ஆகாது. படம் சற்றே கோணலாக அமைந்தாலும் நிறுவல் கோணலாவதில்லை.

இவ்வாறு நிறுவிய தேற்றம் அளப்போர்க்குப் பெருந்துணையாகின்றது. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வில்லியம் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அக்கோட்டின்மேல் முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அடுக்கிச் சென்றே இந்திய நாட்டின் நில அளவை வளர்ந்தது. முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் அளந்து கூட்டித் தொகை ஒவ்வாதபோது, அளவையாளர் தேற்றத்தை ஐயுறுவதில்லை. தம் கருவியையும் கண்ணையுமே ஐயுறுவர். வகுப்பறையில் 179 என்றும் 181 என்றும் கண்ட மாணவர்க்கும் இதுவே விடையாகும்.

இதன்கண் நுட்பமான செய்தி ஒன்றும் உண்டு. நிலவுலகம் தட்டையன்று, உருண்டை. ஆகவே நிலத்தின்மேல் அமையும் பெரிய முக்கோணங்களில் கோணங்களின் தொகை 180 பாகையினும் மிகச் சிறிது மிகும். சுமார் 200 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள முக்கோணத்தில் அம்மிகுதி ஏறக்குறைய ஒரு விகலை, அஃதாவது ஒரு பாகையை 3,600 கூறிட்டால் அதில் ஒரு கூறு ஆகும். அங்ஙனமாயின் தேற்றம் பொய்யாயிற்றோ எனின், அன்று. தேற்றம் தட்டையான தளத்தைப் பற்றியது. எக்கருத்துகளை அடிப்படையாகக் கொண்டு ஒன்றை நிறுவினோமோ, அக்கருத்துகள் உள்ள இடத்தில் அது ஒருபோதும் பொய்யாகாது. தன் எல்லையைத் தானே அறிந்திருத்தலும் நிறுவலின் பெருமையாகும்.

இனி, எடுத்துக்காட்டுகள் எவ்வாறு நம்மை ஏமாற்றும் என்பதைக் காண்போம். செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை வர்க்கமூலம் இன்றிக் காண்பதற்கு ஒரு விதி, போதையனார் என்பவர் பெயரால், செய்யுள் வடிவில் தமிழ் மக்களிடையே வழங்கி வருகின்றது. நீண்ட பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றை நீக்கிவிட்டு, எஞ்சியதனோடு குறுகிய பக்கத்தின் பாதியைக் கூட்டினால் கர்ணம் வரும் என்பது அவ்விதி.

அதனைச் சோதித்துப் பார்ப்போம். பக்கங்கள் 4, 3 எனக் கொள்க. நான்கில் எட்டில் ஒரு பங்கு நீங்க எஞ்சுவது மூன்றரை, மூன்றில் பாதி ஒன்றரை, கூட்ட 5. கர்ணம் 5 என்பது நாம் அறிந்ததே. பக்கங்கள் 12, 5 எனக் கொள்க. பத்தரையும் இரண்டரையும் கூட்ட 13. இதுவும் சரியே. பக்கங்கள் 8, 6 எனின் ஏழும் மூன்றும் பத்து, அதுவும் சரி. 12, 9 எனின் பத்தரையும் நாலரையும் பதினைந்து, அதுவும் சரி. 24, 10 எனின் இருபத்தொன்றும் ஐந்தும் இருபத்தாறு, அதுவும் சரி. ஐந்து முறை சோதித்தோம். ஐந்து முறையும் விதி வென்றது. இதற்குமேல் ஐயுறுவார் யார்?

ஆறாவதாக 15, 8 என்னும் பக்கங்களை எடுத்துக்கொள்க. உண்மையான கர்ணம் 17. விதி தருவதோ பதினேழும் எட்டில் ஒரு பங்கும். பக்கங்கள் 24, 7 எனின் உண்மையான கர்ணம் 25. விதி தருவது இருபத்து நாலரை. இரு பக்கங்களும் 10 அடியாயின் உண்மையான கர்ணம் 14 அடிக்கு மேல். விதி தருவது பதின்மூன்றே முக்கால் அடி. ஏறக்குறைய ஐந்து அங்குலம் குறைகின்றது. இவ்விதியை நம்பி ஓர் இரும்புச் சட்டத்திற்குக் குறுக்குத்தண்டு வெட்டும் தொழிலாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள். வெட்டிய தண்டு பொருந்தாது. பொருளும் உழைப்பும் வீணாகும்.

பிழையைக் கண்டதோடு கணிதம் நின்றுவிடுவதில்லை. விதி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதையும் அது வரையறுத்துக் கூறும். நீண்ட பக்கத்தை 1 என்றும், குறுகிய பக்கத்தை வ என்றும் கொள்வோம். விதி தரும் கர்ணத்தின் வர்க்கமும், பிதாகரஸ் தேற்றம் தரும் கர்ணத்தின் வர்க்கமும் சமம் என்று எழுதிச் சுருக்கினால், 48வ² − 56வ + 15 = 0 என்னும் இருபடிச் சமன்பாடு கிடைக்கும். அதனைக் காரணிப்படுத்தினால் (4வ − 3)(12வ − 5) = 0 ஆகும். ஆகவே வ என்பது நான்கில் மூன்றாகவோ, பன்னிரண்டில் ஐந்தாகவோ மட்டுமே இருத்தல் கூடும். இவ்விரு வடிவங்களுக்கு விதி முற்றிலும் பொருந்தும். பிற எல்லாவற்றிற்கும் அது தோராயமே. நாம் முதலில் எடுத்துக்கொண்ட ஐந்து முக்கோணங்களும் இவ்விரு வடிவங்களைச் சேர்ந்தவையே. 3, 4 என்பவற்றின் மடங்குகளாகவே எடுத்துச் சென்றிருந்தால், வாழ்நாள் முழுதும் சோதித்தாலும் பிழை வெளிப்பட்டிராது. எண்ணற்ற எடுத்துக்காட்டுகள் பொருந்தியும் ஒரு விதி பொதுவிதி ஆகாதிருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஒரு விதியை வீழ்த்துவதற்கோ ஒரே ஓர் எதிர்க்காட்டுப் போதும்.

இவ்விதியை ஆக்கியோரை நாம் இகழ்தல் கூடாது. விரைந்து கணக்கிட வேண்டியவர்க்கு அஃது ஓரளவு பயன் தருவதே. அஃது எத்தகைய விதி என்பதை அறிந்து பயன்படுத்துதலே நம் கடமை. இதனோடு கணக்கதிகாரத்தில் காணப்படும் மற்றொரு விதியை ஒப்பிட்டுப் பாருங்கள். காரிநாயனார் இயற்றிய அந்நூல், வட்டத்தின் சுற்றளவில் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்கினால் வட்டத்தின் பரப்புக் கிடைக்கும் என்கின்றது. இது தோராயமன்று, முற்றிலும் உண்மை. வட்டத்தை மெல்லிய கூறுகளாக அறுத்து, ஒன்றை மேல்நோக்கியும் அடுத்ததைக் கீழ்நோக்கியும் அடுக்கினால், கூறுகள் நுண்ணியனவாக ஆக ஆக, அவ்வடுக்கு ஒரு செவ்வகத்தை நெருங்கும். அச்செவ்வகத்தின் நீளம் பாதிச் சுற்றளவு. அகலம் பாதி விட்டம். விதியின் காரணம் அதுவே.

இரு விதிகளும் செய்யுள் வடிவின. இரண்டும் செவிக்கு இனியன. இரண்டும் மனப்பாடம் செய்தற்கு எளியன. ஆயினும் ஒன்று தோராயம்; மற்றொன்று முழுமை. செய்யுளை மட்டும் ஓதுவார்க்கு இவ்வேறுபாடு புலனாகாது. சொன்னவர் யார் என்று பாராமல், சொல்லப்பட்டது மெய்யா என்று ஆராய்தலே அறிவு என்பது வள்ளுவர் வகுத்த நெறியன்றோ? அந்நெறி கணிதத்தில் நிறுவல் என்னும் பெயரால் நிலவுகின்றது.

காரணங் கேட்டு முடிவு காணும் பழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தில், காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நெறியைக் கற்பிக்கின்றார். நிறுவ வேண்டிய கூற்றாகிய பக்கம், அதற்குக் காரணமாகிய ஏது, எடுத்துக்காட்டாகிய திட்டாந்தம் ஆகியவற்றை விளக்குவதோடு, அவற்றின் போலிகளையும் அவர் வகைப்படுத்திக் காட்டுகின்றார். மலையில் புகை கண்டு, "இம்மலை நெருப்புடையது; புகையுடைமையால்; அடுக்களை போல" என்று கூறுவது அளவை நூலார் வழக்கம். இதில் "புகையுடைமையால்" என்பது ஏது. "அடுக்களை போல" என்பது எடுத்துக்காட்டு. எடுத்துக்காட்டு ஏதுவுக்குத் துணை நிற்பதேயன்றி, ஏதுவின் இடத்தைத் தான் பற்றிக்கொள்வதன்று. நாற்பது முக்கோணங்களை அளந்த மாணவன் நாற்பது எடுத்துக்காட்டுகளைத் தந்தான்; ஏது ஒன்றும் தரவில்லை. கணிதம் வேண்டும் ஏது, பலமுறை உடன் கண்டதனால் வருவதன்று. அடிப்படைகளினின்று தவறாமல் பின்தொடர்ந்து வருவதாகும்.

நிறுவல், "இது உண்மை" என்று சொல்வதோடு, "இதனால் உண்மை" என்றும் சொல்ல வேண்டும். இதனை நம் வீட்டு வாயிலிலேயே காணலாம். 1, 3, 5, 7 என்னும் ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டிப் பாருங்கள். ஒன்றும் மூன்றும் நான்கு. அதனோடு ஐந்து சேர ஒன்பது. அதனோடு ஏழு சேரப் பதினாறு. எல்லாம் வர்க்க எண்கள். இஃது என்றும் தொடருமோ? நேர்ப்புள்ளிக் கோலம் இடும் பெண்மணியின் கைவழியே நோக்குங்கள். மூலையில் ஒரு புள்ளி வைக்கிறார். அதன் வலப்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் மூலையிலுமாக மூன்று புள்ளிகள் சேர்க்க, இரண்டுக்கு இரண்டான சதுரம் அமைகின்றது. அதனை வளைத்து ஐந்து புள்ளிகள் சேர்க்க, மூன்றுக்கு மூன்றாகின்றது. எத்துணைப் பெரிய சதுரமாயினும், அதனை அடுத்த சதுரமாக்க வலப்புறத்தில் ஒரு வரிசையும், கீழ்ப்புறத்தில் ஒரு வரிசையும், மூலையில் ஒரு புள்ளியும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு முறையும் சேர்க்க வேண்டிய புள்ளிகள் முன்னையினும் இரண்டு மிகுதி. அதுவே அடுத்த ஒற்றை எண். இதனை உணர்ந்தவர்க்கு ஆயிரமாவது சதுரத்தையும் வரைந்து பார்க்க வேண்டுவதில்லை.

மாணாக்கர் நிறுவலில் இடறும் வேறிரண்டு இடங்களையும் சுட்டுதல் நலம். முதலாவது, ஒரு கூற்றையும் அதன் மறுதலையையும் ஒன்றென மயங்குதல். மாடுகளுக்கு நான்கு கால்கள் என்பது உண்மை. நான்கு கால் உடையவை எல்லாம் மாடுகள் என்பது உண்மையன்று. இரு செவ்வகங்கள் சர்வசமமாயின் அவற்றின் பரப்புகள் சமம். ஆனால் 6-க்கு 2 ஆகிய செவ்வகமும், 4-க்கு 3 ஆகிய செவ்வகமும் பரப்பால் ஒத்தும் வடிவால் ஒவ்வா. கொத்தனார் கடைக்கால் எடுக்கும்போது, மூலையினின்று ஒரு பக்கம் 3 அடியும் மறு பக்கம் 4 அடியும் குறித்து, குறுக்கே 5 அடி வருகின்றதா என்று கயிறு பிடித்துப் பார்ப்பார். 5 அடி வந்தால் மூலை செங்கோணம் என்று துணிவார். அவர் பயன்படுத்துவது பிதாகரஸ் தேற்றத்தையன்று, அதன் மறுதலையை. அம்மறுதலை தனியே நிறுவப்பட்டிருத்தலால் அவர் கட்டும் சுவர் நேராக நிற்கின்றது.

இரண்டாவது, நிறுவ வேண்டியதையே ஏதுவாகக் கொள்ளுதல். "நெருப்பு இருப்பதை எவ்வாறு அறிந்தாய்?" "புகை இருப்பதனால்." "புகை இருப்பதை எவ்வாறு அறிந்தாய்?" "நெருப்பு இருப்பதனால்." இவ்வாறு கூறுவோன் செக்கைச் சுற்றும் மாடு போல நடந்தும் ஓரிடத்திலேயே நிற்பான். நிறுவலை எழுதும்போது ஒவ்வொரு வரியிலும், "இஃது எதனால் வந்தது?" என்று தம்மைத் தாமே வினவிக்கொள்வோர்க்கு இப்பிழை நேராது.

இவையனைத்தையும் விடப் பெருங்கேடு ஒன்றுண்டு. அது தேர்வின்பொருட்டு நிறுவலை நெட்டுருச் செய்தல். தேல்ஸ் தேற்றத்தின் நிறுவலை வரி பிறழாமல் ஒப்பிக்கும் மாணவன், படத்தின் எழுத்துகளை மாற்றிக் கொடுத்தால் திகைத்து நிற்கின்றான். இக்குறை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் லுலு ஹீலி, சீலியா ஹாய்ல்ஸ் என்னும் கல்வியாளர் இருவர், 14, 15 வயதுடைய, கணிதத்தில் தேர்ந்த மாணவர் ஏறக்குறைய 2,500 பேரை ஆராய்ந்து, தம் முடிவுகளை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அம்மாணவர்கள், ஆசிரியர் மிகுந்த மதிப்பெண் அளிப்பார் என்று கருதிய நிறுவல் வேறாகவும், தாம் எழுத விரும்பிய நிறுவல் வேறாகவும் இருந்தன. குறியீடுகள் நிறைந்த நிறுவலுக்கே மதிப்பெண் கிடைக்கும் என்று எண்ணினர்; தம் மனத்திற்குத் தெளிவு தருவதையோ சொற்களாலும் எடுத்துக்காட்டுகளாலும் நாடினர். மதிப்பெண்ணுக்கு ஒன்று, மனத்திற்கு ஒன்று என இரண்டாகப் பிரிந்த கல்வி நிலைபெறுவது எங்ஙனம்?

தமிழ் பயில்வோர் இதனை எளிதில் உணர்வர். தொல்காப்பிய நூற்பாவை ஓதினாலே புலமை வந்துவிடாது. "இவ்வாறு கூறியது எற்றுக்கு? பிறவாறு கூறினால் வரும் குற்றம் யாது?" என்று தடை எழுப்பி விடை பகரும் சேனாவரையர் போன்ற உரையாசிரியர் வழியில் சென்றால்தான் நூற்பா நமக்குச் சொந்தமாகின்றது. தேற்றம் நூற்பாவைப் போன்றது. நிறுவல் அதன் உரை. உரையையும் பொருளுணராது ஒப்பித்தால், அதுவும் மற்றொரு நூற்பாவாகவே போய்விடும்.

"கணித மேதையாகிய இராமானுசர் நிறுவல் இன்றியே உண்மைகளைக் கண்டாரே" என்று சிலர் வினவக்கூடும். 1887-ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் பயின்ற அவருக்கு, பள்ளிப் பருவத்தில் கார் என்பவர் தொகுத்த நூலொன்று கிட்டியது. ஆயிரக்கணக்கான முடிவுகளைக் கொண்ட அந்நூலில் நிறுவல்கள் மிகச் சுருக்கமாகவே இருந்தன. இராமானுசர் அம்முடிவுகளைத் தாமே ஆராய்ந்து மேலும் பலவற்றைக் கண்டார். தாள் வாங்கப் பொருள் போதாமையால் பலகையில் கணக்கிட்டு அழித்துவிட்டு, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். 1913 ஜனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டி என்னும் கணிதவியலாருக்குத் தம் முடிவுகளை எழுதியனுப்பினார். அவற்றைக் கண்டு வியந்த ஹார்டி, தம் மறுமொழியில் நிறுவல்களை அனுப்புமாறு வேண்டினார்.

அவர் அவ்வாறு வேண்டியது ஐயத்தால் மட்டுமன்று. இராமானுசர் கண்டவற்றுள் மிகப் பல வியத்தகு உண்மைகள். ஆனால் பகா எண்களைப் பற்றிய சில முடிவுகளில் பிழை இருந்தது. அத்தகைய பேரறிவும் நிறுவலின் துணையின்றிச் சில இடங்களில் வழி தவறிற்று. 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்ற இராமானுசர் நிறுவல் முறையிலும் தேர்ந்து அரிய கட்டுரைகளை வெளியிட்டார். 1920-இல் அவர் மறைந்த பின்னர், அவருடைய குறிப்பேடுகளிலிருந்த முடிவுகளை நிறுவும் பணி பல ஆண்டுகள் நடைபெற்றது. அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் அவற்றை ஆராய்ந்து 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். ஒருவர் உள்ளத்தில் மின்னலெனத் தோன்றியது உலகத்தார் அனைவர்க்கும் உரிய விளக்காவதற்கு நிறுவல் வேண்டியதாயிற்று.

கணிதவியலார் இவ்வொழுக்கத்தை எத்துணை உறுதியாகக் காக்கின்றனர் என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். இரண்டினும் பெரிய இரட்டை எண் ஒவ்வொன்றும் இரு பகா எண்களின் கூட்டுத்தொகையாகும் என்னும் கருத்தைக் கோல்ட்பாக் என்பவரும் ஆய்லரும் 1742-இல் தம்முள் எழுதிய கடிதங்களில் ஆராய்ந்தனர். 4 என்னும் எண்ணையடுத்துப் பதினெட்டுச் சுழிகள் இட்டால் வரும் எண் வரையிலும் கணிப்பொறியால் சோதித்துவிட்டனர்; ஓரிடத்திலும் அது பொய்க்கவில்லை. எனினும், நிறுவல் கிடைக்காமையால் இன்றளவும் அதனைத் தேற்றம் என்று எவரும் கூறுவதில்லை.

மாணவர்களே! நிறுவலின் முன் உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்னும் வேறுபாடு இல்லை. ஆசிரியர் எழுதிய வரியாயினும், நூலில் அச்சிட்ட வரியாயினும், "இஃது எதனால்?" என்று கேட்கும் உரிமை கடைசிப் பலகையில் அமர்ந்திருக்கும் மாணவர்க்கும் உண்டு. ஏது சரியாயின் அனைவரும் ஏற்பர். ஏது பிழையாயின் சொன்னவர் எத்துணைப் பெரியவராயினும் அது நில்லாது. ஆலைத் தொழிலாளியின் மகள் கேட்ட வினாவுக்கும் பேராசிரியர் கேட்ட வினாவுக்கும் கணிதத்தில் மதிப்பு ஒன்றே.

இப்பழக்கம் கணித வகுப்போடு முடிவதன்று. இரண்டு மூன்று பேரிடம் கண்ட குற்றத்தை ஓர் ஊரார் அனைவர்மேலும் ஏற்றிக் கூறுவோரையும், நாலு பேர்க்குக் குணமாயிற்று என்று கூறி எல்லார்க்கும் ஒரே மருந்தை விற்போரையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்கள் தருவன எடுத்துக்காட்டுகளே, ஏது அன்று. அவ்வேறுபாட்டை உணர்ந்தவரை எவரும் எளிதில் ஏமாற்றுதல் இயலாது. ஆகவே, அடுத்த முறை ஒரு தேற்றத்தைக் கற்கும்போது நூலை மூடிவைத்துவிட்டு, எழுத்துகளை மாற்றிப் படம் வரைந்து, ஒவ்வொரு வரிக்கும் காரணம் கூறி, அருகிலிருக்கும் தோழர்க்கு விளக்கிப் பாருங்கள். அவர் "ஏன்?" என்று கேட்கும்தோறும் உங்களால் விடை கூற முடியுமாயின், அத்தேற்றம் உங்களுடையதாயிற்று.